சீமாட்டி காசில் யார் முகம்

முந்தாநாள் பார்மாவிலேர்ந்து ஒரு பாதிரியார் கழுதை மேல ஏறி வந்து எங்க வீட்டு வாசல்ல நின்னாரு. பழைய காசு சேக்கறவராம். "அம்மா, ரோக்காசெர்ரா சீமாட்டி வியொலாந்தே பேர்ல அடிச்ச வெள்ளிக் காசு ஒண்ணே ஒண்ணு இருந்தா குடுங்க, இருபது ஸ்கூதோ தர்றேன்"ங்கறாரு. இருபது ஸ்கூதோவுக்கு மாடே வாங்கலாம். அந்தக் காசு பொழங்கின நாள்ல பன்னெண்டு காசு சேந்தாத்தான் ஒரு ஸ்கூதோ. இப்ப எங்க தேடினாலும் ஆப்படலையாம், பெரிய பெரிய பிரபுக்கள்லாம் அதுக்கு அலையறாங்களாம். "இல்ல சாமி, போயிட்டு வாங்க"ன்னு கதவச் சாத்தினேன். "ஒண்ணுகூடவா இல்ல?"ன்னு வெளிய நின்னு கேக்கறாரு. எனக்கு வந்த ஆத்திரத்துல அவரு ஏறி வந்த கழுதையையும் சேத்துத் திட்டித் தீத்துட்டேன்.

அவர்கிட்ட விஷயத்தச் சொல்லல. உங்ககிட்ட சொல்றேன்.

என் பேரு தொமசினா. என் புருஷன் ஒபெர்தோ, காசுக்கு அச்சு வெட்டறவரு. ரோக்காசெர்ரா சமஸ்தானம்னு பேரு என்னவோ பெருசு. ஒரு கோட்டை, ஒரு கோயில், ஒரு மாவு ஆலை, ஊருக்கே பொதுவா ஒரு ரொட்டி அடுப்பு, மிச்சம் பூரா கஷ்கொட்டை மரம். கோட்டை வாசல்லேர்ந்து ஒரு பீப்பாய உருட்டி விட்டா அது அடுத்த நாட்டுல போய்த்தான் நிக்கும். ஆனா காசடிக்கற உரிமை மட்டும் பேரரசர் கையெழுத்தோட இருந்துச்சு. சீமாட்டி வியொலாந்தேவுக்கு அப்ப அம்பத்தெட்டு வயசு, விதவை. சின்ன வயசுல வந்த அம்மை மூஞ்சி பூரா குழி போட்டுட்டுப் போயிருந்துச்சு. அந்தம்மாவுக்குக் கோட்டைக் கூரைய மாத்தக்கூட வழியில்ல.

அந்த நேரம் பாத்து நிக்கொலோசியோன்னு ஒருத்தன் காசுப் பட்டறையக் குத்தகைக்கு எடுக்கக் கடற்கரைப் பக்கத்துலேர்ந்து வந்தான். வழவழன்னு பேச்சு, விரலுக்கு ஒரு மோதிரம். துருக்கி தேசத்துல, ஸ்மிர்னா பக்கத்துப் பொம்பளைங்களுக்குச் சின்ன வெள்ளிக் காசுன்னா உசுராம். அதுல அழகான பொண்ணு மூஞ்சி இருக்கணுமாம், ஓட்டை போட்டுக் கோத்து நெத்தில கட்டிப்பாங்களாம், கழுத்துல போட்டுப்பாங்களாம். வெள்ளி எவ்வளவு இருக்குன்னு அவங்க பாக்க மாட்டாங்களாம், மூஞ்சியத்தான் பாப்பாங்களாம். "சீமாட்டி பேரு போடுவோம். ஆனா மூஞ்சி இளசா இருக்கணும்யா. கிழவிய எவ நெத்தில கட்டிப்பா?"ன்னு என் புருஷன்கிட்ட தனியாச் சொல்லிட்டான்.

மனுஷன் வீட்டுக்கு வந்து, "அந்த ஜன்னல் பக்கம் உக்காரு"ன்னாரு.

"எதுக்கு?"

"மூஞ்சி வேணும்."

"ஏன், ஊர்ல வேற பொண்ணே கிடைக்கலையா?"

"கிடைக்கும். அவங்கல்லாம் கூலி கேப்பாங்க. நீ கேக்க மாட்ட."

எங்க வீட்டுக் கொஞ்சலே இந்த லட்சணந்தான். கல்யாணம் ஆகி அஞ்சு வருஷத்துல 'நீ நல்லா இருக்கடி'ன்னு ஒரு வார்த்தை அந்த வாயிலேர்ந்து வந்ததில்ல. எனக்கு இருபத்துமூணு வயசு. தவக்காலத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை ஜன்னல் வெளிச்சத்துல ஒரு பக்கமாத் திரும்பி உக்காந்தேன். சீமாட்டி போடற முத்து மாலைக்குப் பதிலா காஞ்ச கஷ்கொட்டையக் கோத்து என் கழுத்துல மாட்டி விட்டாரு. நான் சிரிச்சா, "ஆடாத புள்ள, கன்னம் மாறுது"ன்னு அதட்டுவாரு. அந்த ரெண்டு நாள்ல என்னைப் பாத்த மாதிரி அவரு அதுக்கு முன்னாடி என்னைப் பாத்ததே இல்ல. எனக்கே கூச்சமாப் போச்சு.

மூஞ்சிய மட்டும் ஒரு எஃகு முளையில வெட்டி வச்சுக்குவாங்க. ஒரு அச்சு தேஞ்சா, அதே முளையத் தட்டி அடுத்த அச்ச இறக்குவாங்க. முதல் காச எடுத்துக்கிட்டுக் கோட்டைக்குப் போனோம். சீமாட்டி அத ஜன்னல் பக்கம் கொண்டுபோய் ரொம்ப நேரம் பாத்தாங்க. "இருபது வயசுல நான் இப்படியேதான் இருந்தேன்"னாங்க. சுத்தி நின்ன யாருக்கும் அப்படி ஒண்ணும் ஞாபகம் இல்ல. எல்லாரும் "ஆமா தாயே, ஆமா தாயே"ன்னு தலையாட்டினோம். அவருக்கு ஒரு முழு பன்னித்தொடை பரிசாக் கிடைச்சுது. ஈஸ்டர் முடியற வரைக்கும் தின்னோம்.

பட்டறையில எனக்கும் வேலை குடுத்தாங்க. அந்தக் காசுல பன்னெண்டு பங்குக்கு நாலு பங்குதான் வெள்ளி, மிச்சம் செம்பு. பாத்தா செங்கல் மாதிரி இருக்கும். அத வெளுக்க வைக்கணும். ஒயின் பீப்பாய்க்கு அடியில படியற உப்பு, சமையல் உப்பு, இன்னும் நிக்கொலோசியோ சீசாவுல கொண்டுவர்ற ஏதோ ஒரு தண்ணி, எல்லாத்தையும் கொப்பரையில கொதிக்க விட்டு, காசக் கொட்டிக் கிண்டணும். மேல இருக்கற செம்பு கரைஞ்சு போயி காசு பளபளன்னு வெள்ளையா வரும். கிண்டறது நான். ஆவி பூரா என் மூஞ்சிக்கு நேரா.

அஞ்சு வருஷம் கிண்டினேன். முதல்ல புருவம் போச்சு. அப்புறம் முன்பல்லு நாலு ஒண்ணொண்ணா ஆடி விழுந்துச்சு. முடி கொத்துக் கொத்தா கையோட வந்துச்சு, நடு மண்டை சொட்டையாப் போச்சு. காசோட மூஞ்சி வெளுத்துச்சு, என் மூஞ்சி கருத்துச்சு, அவ்வளவுதான் கதை. இருபத்தெட்டு வயசுல என்னைப் பாத்து ஊருக்குப் புதுசா வந்தவன் "பாட்டி, தண்ணி கிடைக்குமா?"ன்னான். அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடல.

வேலைய விட்டுடுன்னு அவரு சொன்னாரு. விட்டா வீட்டுல யாரு கொண்டாந்து கொட்டறது? பிள்ளைங்க மூணு ஆயிடுச்சு. நான்தான் கேக்கல.

இப்ப நான் செஞ்ச முட்டாள்தனத்தச் சொல்லணும். வாய் சும்மா கிடந்திருந்தா எல்லாம் நல்லா இருந்திருக்கும். ரொட்டி அடுப்புல அன்னைக்கு என் முறை. பிரிஜிதான்னு ஒருத்தி, ஆலைக்காரன் பொண்டாட்டி, முந்திக்கிட்டு தன் தட்ட உள்ள தள்ளினா.

"ஏய், என் முறைடி இது"ன்னேன்.

"இருக்கட்டுமே. மெல்லறதுக்குப் பல்லு இருக்கறவங்க ரொட்டி முதல்ல வேகட்டும். உனக்குக் கஞ்சி போதும்ல?"ன்னா. எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க.

எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிச்சு. "அடி போடி, இந்த மூஞ்சிய துருக்கி சீமாட்டிங்கல்லாம் நெத்தில கட்டிட்டு அலையறாளுங்க. உன் மூஞ்சிய உன் புருஷன்கூட நிமிந்து பாக்க மாட்டான். காசுல இருக்கறது யாருன்னு நினைச்ச? சீமாட்டியா? நான்டி! என் வீட்டு ஜன்னல்ல உக்காந்து, கழுத்துல கஷ்கொட்டை மாட்டி, நான்டி!"

ஜெயிச்சுட்டேன்னு நெனச்சு, ரொட்டிய வேக வச்சு எடுத்துக்கிட்டு நிமிந்து நடந்து வந்தேன்.

அடுத்த வருஷமே இடி விழுந்துச்சு. ஸ்மிர்னா துறைமுகத்துல சுங்கக்காரன் எவனோ ஒரு காச ரெண்டா வெட்டிப் பாத்திருக்கான். உள்ள சிவப்பு. பீப்பாய் பீப்பாயாப் பிடிச்சு வச்சுட்டாங்க. புகார் ஊர் ஊராப் போயி கடைசில பேரரசர் ஆளுங்க வரைக்கும் போச்சு. மிலான்லேர்ந்து ஒரு நீதிபதி எட்டு குதிரைக்காரங்களோட மலையேறி வந்தாரு. அவரு வர்றாருன்னு தெரிஞ்ச அன்னைக்கே நிக்கொலோசியோ கப்பலேறிட்டான், மோதிரத்தோட.

மிஞ்சினது சீமாட்டி. அந்தம்மாவோட வக்கீல் எழுந்து என்ன சொன்னான் தெரியுமா? "எங்க சீமாட்டி அடிச்ச காசெல்லாம் நல்ல மாத்து. இது கள்ளக் காசு. அச்சு வெட்டற ஒபெர்தோ வீட்டுல திருட்டுத்தனமா அச்சு செஞ்சு அடிச்சது. மூஞ்சியப் பாருங்க, இது எங்க சீமாட்டியே இல்ல." அன்னைக்கு சாயங்காலமே வந்து என் புருஷனைக் கட்டி இழுத்துட்டுப் போனாங்க. கள்ளக் காசு அடிச்சவனுக்கு எங்க பக்கம் வலது கைய வெட்டிடுவாங்க. அச்சு வெட்டறவனுக்குக் கை போனா என்ன மிஞ்சும்? அவரு கை சாமானியக் கை இல்லைங்க. கொசு கால் தடிமன்ல கோடு இழுக்கும்.

விசாரணை கோட்டைக் கூடத்துல பட்டப்பகல்ல நடந்துச்சு. ஊரே வந்திருந்துச்சு. நீதிபதி குள்ளமான ஆளு, மூக்கு ஒழுகிட்டே இருந்துச்சு, ஆனா புத்தி கத்தி மாதிரி. முதல்ல சீமாட்டிய முகத்திரையத் தூக்கச் சொன்னாரு. காசப் பாத்தாரு, அந்தம்மாவப் பாத்தாரு.

"சீமாட்டி, படம் எழுதறவனும் அச்சு வெட்டறவனும் படியளக்கறவங்கள அழகாத்தான் காட்டுவான். நான் நிறைய பாத்திருக்கேன்"னாரு. "இத வச்சு இது நீங்க இல்லைன்னு நான் சொல்லிட முடியாது. ஆனா இது ஊர்ல இருக்கற வேற பொம்பளைன்னு யாராவது காட்டினா, அப்ப இது கள்ள அச்சு. காட்ட முடியலன்னா இது உங்க காசு. அபராதம் நீங்க கட்டணும், பட்டறைய மூடணும், உங்க உத்தரவுக்கு வேலை செஞ்ச இந்த ஆளு வீட்டுக்குப் போகலாம்."

இதவிடத் தெளிவா யாரும் சொல்ல முடியாது. வக்கீல் அடுத்தாப்ல கூப்பிட்டது பிரிஜிதாவ.

அவ என் பக்கம் பாக்கவே இல்ல. அவ புருஷனோட ஆலை சீமாட்டிக்குச் சொந்தம், அவ மட்டும் என்ன செய்வா? "அடுப்பாண்ட சொன்னா சாமி, காசுல இருக்கறது நான்தான்னு தொமசினாவே சொன்னா"ன்னு முணுமுணுத்துட்டு உக்காந்துட்டா.

"தொமசினாவ முன்னால வரச் சொல்லு"ன்னாரு நீதிபதி.

அந்த நடுக்கூடத்துக்கு நடந்து போற பத்தடியில எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. என் வாழ்க்கையிலேயே நல்ல யோசனை அது ஒண்ணுதான். தலைத்துணிய அவுத்துத் தோள்ல போட்டுக்கிட்டேன். சொட்டை மண்டை வெளிச்சத்துல பளபளன்னு நின்னுச்சு. நீதிபதிக்கு முன்னால போயி வாயை அகலத் திறந்து சிரிச்சேன், நாலு பல்லு போன ஓட்டை நல்லாத் தெரியற மாதிரி.

"நான்தாங்க அந்தத் துருக்கி அழகி"ன்னேன்.

அவரு காச என் கன்னத்தாண்ட வச்சுப் பாத்தாரு. பூதக்கண்ணாடிய வச்சுப் பாத்தாரு. உதடு துடிச்சுது. அடக்கப் பாத்தாரு, முடியல. சிரிச்சுட்டாரு. அவரு சிரிச்சதும் குதிரைக்காரங்க சிரிச்சாங்க, அப்புறம் கூடமே சிரிச்சுது. "இவளா? கோயில் மணிக்குப் புருவம் வரைஞ்சா அதுகூட பொருந்தும்!"ன்னு பின்னாலேர்ந்து ஒருத்தன் கத்தினான். பிரிஜிதா கண்ணுல தண்ணி வர சிரிச்சுக்கிட்டே, "சும்மா பீத்திக்கிட்டா சாமி, நானும் நம்பிட்டேன் பாருங்க"ன்னா. அவ எனக்கு உதவி பண்றான்னு எனக்குப் புரிஞ்சுது. மகராசி, நல்லா இருக்கட்டும்.

நானும் கூட சேந்து சிரிச்சேன். சிரிங்கடா, நல்லா சிரிங்க, ஒவ்வொரு சிரிப்புக்கும் என் புருஷன் விரல் ஒண்ணு தப்பிக்குதுன்னு மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே சிரிச்சேன். சத்தியமா சொல்றேன், எனக்கு அப்ப வலிக்கல. சந்தோஷமா இருந்துச்சு. சீமாட்டி மூஞ்சிதான் சுண்ணாம்பா வெளுத்துப் போயிருந்துச்சு.

நீதிபதி கண்ணத் தொடச்சுக்கிட்டு எழுத்தர் பக்கம் திரும்பி, "எழுதிக்கோ, பொருந்தல"ன்னாரு. அப்புறம் பேச்சுக்கு, முறைக்காக, என் புருஷனைப் பாத்துக் கேட்டாரு. "என்னப்பா, காசுல நீ வெட்டினது உன் பொண்டாட்டி இல்லையே? இல்லைன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போ."

ஒபெர்தோ எழுந்து நின்னாரு. ஜெயில்ல ரெண்டு வாரம் இருந்ததுல தாடி வளந்து கிடந்துச்சு. என்னைப் பாத்தாரு. நான் கண்ணால ஜாடை காட்டினேன், சொல்லித் தொலைய்யா, இல்லைன்னு சொல்லுன்னு.

"அவதான் ஐயா"ன்னாரு.

கூடத்துல சிரிப்பு அங்கங்க இன்னும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. நீதிபதி சரியாக் கேக்கலைன்னு நெனச்சுக் கைய உயத்தினாரு. "என்ன சொன்ன?"

"அது தொமசினாதான். கண்ணாடிய வச்சு நல்லாப் பாருங்க. மூக்குத் தண்டுல நடுவுல ஒரு சின்ன மேடு இருக்கும், அவளுக்கும் இருக்கு. காது மடல் கீழ தொங்காது, கன்னத்தோட ஒட்டிட்டு இருக்கும். கீழுதடு மேலுதட்ட விட ஒரு மயிரிழை முன்னால. தாடைக்கும் கழுத்துக்கும் நடுவுல அந்த வளைவு, அத வெட்ட எனக்கு நாலு நாள் ஆச்சு. பல்லும் முடியும் போச்சு, எலும்பு எங்க போகும்? ரோக்காசெர்ராவுல இப்படி ஒரு மூஞ்சி வேற கிடையாது. பாக்கத் தெரியாதவங்க சிரிக்கறாங்க."

"பொய்! அவருக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கு!"ன்னு நான் கத்தினேன். ஓடிப்போயி அவரு வாயப் பொத்தப் பாத்தேன், காவக்காரன் பிடிச்சு நிறுத்திட்டான். அந்த நேரத்துல நான் ஒரு பக்கமாத் திரும்பி நின்னிருக்கேன் போல. ஜன்னல் வெளிச்சம் என் மேல விழுந்திருக்கு. நீதிபதி காசத் தூக்கிப் பிடிச்சு, ஒரு கண்ண மூடி, என்னையும் அதையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. அவரு மூஞ்சியில இருந்த சிரிப்பு போயிடுச்சு. கூடத்துல ஒருத்தரும் சிரிக்கல.

"ஆமா"ன்னாரு, ரொம்ப மெதுவா. "எழுத்தரே, அதை அடிச்சுட்டு எழுதுங்க. பொருந்துது."

இது சீமாட்டி உத்தரவுல அடிச்ச காசுதான்னு அவருக்கும் தெரியும்னுதான் நான் நெனைக்கறேன். ஆனா காகிதத்துல சட்டம் கேட்டதுக்கு வேற பதில் இல்ல. வியாழக்கிழமை கோட்டை வாசல்ல வச்சு வெட்டினாங்க. மணிக்கட்டுக்கு மேல, ஒரே வெட்டு. நான் பக்கத்துல இருந்து பிடிச்சுக்கிட்டேன். அந்த முளையையும் அச்சுங்களையும் உளியால சிதைச்சாங்க. ஊர்ல இருந்த காச எல்லாம் வீடு வீடாப் பிடுங்கி உருக்கிட்டாங்க. அதான் பார்மா சாமியாருக்கு ஒண்ணுகூட கிடைக்கல.

மூணு மாசம் நான் அவருகூட பேசல. காயத்துக்குக் கட்டுப் போட்டேன், சட்டைக்குப் பொத்தான் மாட்டினேன், கஞ்சி ஊத்தினேன், பேசல மட்டும். எனக்குத் தீராத கோபம். வாய்க்கு வந்தபடி கத்தணும்னு இருக்கும், ஆனா ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன்னு தெரியும், அதனால பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன், இருக்கற பல்ல. நான் அவ்வளவு பேர் முன்னால மானத்த விட்டுக் காப்பாத்திக் குடுத்த கை அது. ஒத்தை வார்த்தையில தூக்கிப் போட்டுட்டு வந்துட்டாரு.

ஒருநாள் காலையில இடது கையால கஷ்கொட்டை உரிக்கப் பாத்தாரு. வழுக்கி வழுக்கிக் கீழ விழுந்துச்சு. நாலாவது தடவை விழுந்தப்ப எனக்குத் தாங்கல. கத்திய அவர்கிட்டேர்ந்து பிடுங்கிப் போட்டேன்.

"ஏன்யா சொன்ன?"ன்னு கத்தினேன். "உனக்கு எவ்வளவு திமிரு! உன் வேலைப்பாட்ட ஊரு மெச்சணும்னா கையக் குடுத்த? எல்லாரும் சிரிச்சாங்கல்ல, விட்டுத் தொலைக்க வேண்டியதுதான? சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க! நமக்கென்ன நஷ்டம்?"

அவரு கீழ விழுந்ததப் பொறுக்கிட்டே இருந்தாரு. நிமிந்து பாக்கல.

"அவங்க சிரிச்சதக்கூட பொறுத்துக்கிட்டேன்டி"ன்னாரு. "நீயும் கூட சேந்து சிரிச்ச பாரு."